ஊர் முருங்கைக்காய்

என் வாய் கொஞ்சம் பொல்லாதது. அலுவலகத்தில் அதற்குப் பயந்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் கணவரும் மகளும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நான் சொன்னதையெல்லாம் சொன்னபடியே எடுத்துக்கொண்டவள் ஒருத்திதான், என் அக்கா. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் ஒரு முருங்கைக்காய்க் கட்டுத்தான் கண்ணுக்குள் வருகிறது. வாழைநாரால் இறுக்கிக் கட்டிய, பச்சை மாறாத பத்துப் பன்னிரண்டு காய்கள். அதன் பிறகுதான் அவள் முகம் வருகிறது.

எங்கள் அப்பாவிடம் இரண்டு பெண்களுக்குக் கொடுக்க இரண்டே பொருள்கள் இருந்தன. வன்னியில் மூன்று ஏக்கர் வயல் ஒன்று. ஒருத்தியைக் கொழும்புக்கு அனுப்பிப் படிப்பிக்கப் போதுமான காசு மற்றது. வயல் அக்காவுக்குச் சீதனமாகப் போனது, படிப்பு எனக்கு வந்தது. அன்றைக்கு நான் சும்மா இருக்கவில்லை. "அவளுக்குக் காணி, எனக்குக் கொப்பியும் பேனையுமோ?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் அம்மாவுக்கு முகம் கொடுக்கவில்லை. ஊரும் என் பக்கம்தான் நின்றது. மூத்தவள் அதிர்ஷ்டக்காரி, இருந்த இடத்திலேயே இருந்து சாப்பிடலாம் என்றார்கள். அக்கா எனக்குப் பெட்டி அடுக்கித் தந்தாள். தன்னுடைய நல்ல சட்டைகள் இரண்டையும் அதற்குள் வைத்தாள். "அங்க உடுப்பைப் பாத்துத்தான் மதிப்பினமாம்," என்றாள்.

யார் அதிர்ஷ்டக்காரி என்று தெரிய அதிக காலம் எடுக்கவில்லை. நான் படித்து முடித்து ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மாதக் கடைசியில் சம்பளம் வரும். மழை பெய்தாலும் வரும், பெய்யாவிட்டாலும் வரும், நெல்லில் பூச்சி விழுந்தாலும் வரும். அக்காவும் அத்தானும் வருஷத்தில் இரண்டு தடவைதான் காசைக் கண்ணால் கண்டார்கள். அதிலும் இரண்டாவது தடவை குளத்தில் தண்ணீர் இருந்தால்தான். இதை நான் அப்போதே அறிந்திருந்தேன் என்று சொன்னால் பொய். அறிந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்துகொண்டு யோசிக்காமல் இருந்தேன்.

கல்யாணமான புதிதில் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்த கத்தோலிக்கக் குடும்பம். ஒடுங்கிய மரப்படி ஏறி வந்தால் எங்கள் கதவு. மகளை வயிற்றில் வைத்திருந்தபோது முருங்கைக்காய்க் குழம்பைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தொண்டைக்குள் இறங்கவில்லை. அதைக் கேள்விப்பட்டு அக்கா தன்னுடைய வீட்டு வளவில் நின்ற மரத்தில் ஒரு கட்டுக் காய் முறித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். பாதியை நான் தின்றேன். மீதியை வீட்டுக்கார அம்மா கொண்டுபோய் இறால் போட்டுச் சமைத்து எங்களுக்கும் ஒரு கோப்பை கொடுத்துவிட்டார். அக்கா திரும்பிப் போகும்போது நான் படியின் மேலே நின்று சொன்னேன்.

"அடுத்த முறை முருங்கைக்காய் இல்லாமல் வந்தியெண்டால் கதவு திறக்கமாட்டன், சொல்லிப்போட்டன்."

"நீ திறக்காட்டி நான் படியில இருந்து அழுவன்," என்று அவள் சிரித்தாள்.

அதன் பிறகு அது எங்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. வருகிறேன் என்று அவள் போன் எடுத்தால் நான் "முருங்கைக்காய்" என்பேன். அவள் "ஓமடி, ஓம்" என்பாள். வேறு எதைக் கொண்டுவந்தாலும், கொண்டுவராவிட்டாலும், அந்தக் கட்டு வரும்.

பிறகு கணவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் ஐந்தாம் மாடி பிளாட் வாங்கிக்கொண்டு போனோம். அக்கா முதல் தடவை அங்கே வந்து அறை அறையாகப் பார்த்தாள். "இவ்வளவு காசு குடுத்து வாங்கின வீட்டில ஒரு மூட்டை வைக்க இடமில்லையேடி," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஐந்து கிலோ பையில் அரிசி வாங்குகிறவள், மூட்டைக்கு எங்கே போவேன் என்று கேட்டேன். "ஒரு காலத்துக்கு வரும்," என்று சொல்லிவிட்டு பல்கனியின் மூலையைக் கண்ணால் அளந்தாள்.

வருஷத்தில் இரண்டு முறையாவது வருவாள். வன்னியிலிருந்து புறப்படும் பஸ் விடிவதற்கு முன் வெள்ளவத்தையில் கொண்டுவந்து இறக்கிவிடும். ஆரம்பத்தில் ஐந்து மணிக்கே மணி அடித்தவள், பின்னாளில் ஏழு மணிக்கு முன் வந்ததில்லை. "பஸ் லேட்டடி," என்பாள். நான் பஸ்காரர்களைத் திட்டுவேன். புதுக்கதவில் பார்ப்பதற்கு ஒரு சின்னக் கண்ணாடித் துவாரம் இருந்தது. அவள் மணியை அடித்துவிட்டு முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கி அந்தத் துவாரத்துக்கு நேரே பிடிப்பாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தால் அவள் தெரியமாட்டாள், பச்சையாகக் காய்கள் மட்டும் தெரியும். "சரி, உத்தரவு," என்று சொல்லிக் கதவைத் திறப்பேன். இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சிரிப்போம்.

அந்தக் காய்களை வைத்து நான் அடித்த பெருமைக்கு அளவில்லை. பத்து மணி நேரம் பஸ்ஸில் வந்தும் எப்படிப் பச்சையாக இருக்கிறது பாருங்கள் என்று பக்கத்து பிளாட்காரிக்குக் காட்டுவேன். அலுவலகத்துக்கு நாலு காய் கொண்டுபோவேன். வெள்ளவத்தையில் விற்கிறதெல்லாம் விறகு, மண்ணுக்கு ஒரு ருசி இருக்கிறதல்லவா என்று பிரசங்கம் வைப்பேன். அக்கா பக்கத்தில் இருந்தால் குனிந்து வாழைநாரை அவிழ்த்து, சுருட்டி, தன் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். நாரைக்கூட வீணாக்காத சிக்கனம் என்று அதையும் கேலி செய்திருக்கிறேன்.

பிறகுதான் வயலுக்கு உரம் இல்லாத அந்த வருஷம் வந்தது. நாடு முழுவதும் பயிர் மஞ்சளாக நின்றது. கொழும்பில் எங்களுக்குச் சமையல் காஸ் இல்லை, மின்சாரம் மணிக்கணக்கில் இல்லை. நான் கிழமைக்கு ஒரு தடவை அக்காவுக்குப் போன் எடுத்து ஒப்பாரி வைத்தேன். அவளைக் கேட்டறிய எடுத்த போனில் என்னைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அரிசி விக்கிற விலைக்கு இனி ஒரு நேரம்தான் சோறு, அக்கா."

"பாவம்," என்றாள் அவள். "அங்க எல்லாத்தையும் காசு குடுத்தெல்லோ வாங்கவேணும். எங்களுக்கெண்டால் வளவில ஏதும் கிடக்கும்."

நாங்கள் ஒரு நேரம் கூடச் சோற்றைக் குறைக்கவில்லை. சனிக்கிழமைகளில் கடையில் பிரைட் ரைஸ் எடுப்பதைக் கூட நிறுத்தவில்லை. விலையைப் பற்றி முறைப்பட்டுப் பேசுவது எங்கள் கட்டடத்தில் ஒரு பொழுதுபோக்காக இருந்தது, நானும் பேசினேன். ஐப்பசி மாதத்தில் ஒருநாள் அவள் தானாகப் போன் எடுத்து, "ஒருக்கா உங்க கொழும்புக்கு வரவேணும்," என்றாள். நான் வழக்கம்போல "முருங்கைக்காய் இல்லாமல் வராதை," என்றேன். "அரிவு வெட்டு முடியட்டும், வாறன்," என்றாள். அறுவடைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அதற்குள் என்ன அவசரம் என்று நானும் விட்டுவிட்டேன்.

மாசியில் ஒரு காலை மணி அடித்தது. துவாரத்தில் பார்த்தேன். காய்கள் இல்லை. அவள் முகம் இருந்தது, மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து. அந்தக் கண்ணாடியில் எல்லாம் கொஞ்சம் கோணலாகத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். என் வாய் முந்திக்கொண்டது.

"முருங்கைக்காய் எங்க?"

"அரிசி கொண்டந்தனான். திறவடி."

"அரிசிக்குத் திறக்கிற கதவில்லை இது."

அவள் சிரிக்கவில்லை. "நிக்க ஏலாமல் கிடக்கு," என்றாள். அப்போதுதான் திறந்தேன். அவளுக்குப் பக்கத்தில் அத்தான் ஒரு மூட்டையைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது, கட்டடத்தில் எவரிடமும் சொல்லாமல், அந்தத் துவாரத்தின் மேல் ஒரு சாமிப்படம் ஒட்டியிருக்கிறேன்.

மார்பில் கட்டி. அடுத்த நாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எவ்வளவு காலமாக இருக்கிறது என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்துக் கேட்டேன். "ஒரு மாதமிருக்கும்," என்றாள் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு. டொக்டர் நம்பவில்லை. அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மற்ற இடங்களுக்கும் பரவிவிட்டது, நாலைந்து மாதம் முந்தி வந்திருந்தால் வேறு மாதிரிப் பேசியிருக்கலாம் என்று என்னிடம் சொன்னார். எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த அவளிடம் போய், "படிக்காத சனங்கள் மாதிரி ஏன் வைச்சுக்கொண்டிருந்தனி?" என்று எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டேன். அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள்.

ஐந்து மாதம் எங்களோடு இருந்தாள். அத்தான் வயலுக்கும் கொழும்புக்குமாக அலைந்தார். அந்த மூட்டை பல்கனி மூலையில், அவள் அளந்து வைத்த இடத்திலேயே நின்றது. சிவப்புப் புழுங்கல் அரிசி. மகள் இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு சோறு தடிப்பாக இருக்கிறது என்று தட்டைத் தள்ளினாள். மூன்றாம் கிழமை வண்டு விழுந்தது. அக்கா ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த ஒரு கிழமையில், கீழே காவலுக்கு இருந்த வயதான சிங்கள வோச்சரைக் கூப்பிட்டு, மூட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவள் திரும்பி வந்ததும் மூலையைப் பார்த்தாள்.

"அரிசி முடிஞ்சுதோ?"

"ஓம். நல்ல ருசி, முடிஞ்சிட்டுது."

"நல்லது. சும்மா இருந்து சாப்பிட்டம் எண்டு இருக்கக்கூடாது," என்றாள். எனக்கு அது என்ன பேச்சு என்று எரிச்சல் வந்தது.

இரண்டு நாள் கழித்துக் கீழே அவளைக் கைத்தாங்கலாக லிப்டில் ஏற்றும்போது அந்த வோச்சர் ஓடி வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவளைப் பார்த்து, "நோனாகே ஹால் ஹரி ரசய்," என்றார். உங்கள் அரிசி நல்ல ருசி என்று மனதார நன்றி சொன்னார். அக்காவுக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னைப் பார்த்தாள். "சுகமோ எண்டு கேக்கிறார்," என்றேன். அவள் அவருக்குக் கைகூப்பினாள்.

ஆடி மாதம் அவள் போய்விட்டாள். எரிபொருள் கிடைக்காத நாட்கள். யார் யாருடைய காலைப் பிடித்தோ ஒரு வான் ஒழுங்கு செய்து ஊருக்குக் கொண்டுபோனோம். எல்லாம் முடிந்த பிறகு, மூன்றாம் நாள், கிணற்றடியில் அத்தானோடு தனியே இருக்க நேர்ந்தது. அவர் அதிகம் பேசுகிறவரல்ல. நான்தான் மறுபடியும் தொடங்கினேன், ஏன் ஒரு மாதம் வைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று.

"ஒரு மாதமில்லை," என்றார். "ஐப்பசியிலயே அவளுக்குத் தெரியும். இங்க டொக்டர் உடன கொழும்புக்குப் போகச் சொன்னவர்."

"ஏன் வரேல்ல?"

"நானும் கெஞ்சினனான். கனநாள் நிக்கவேண்டி வரும், நாலு பேருக்குள்ள போயிருந்து சாப்பிடுறதெண்டால் ஒரு மூட்டை அரிசியாவது வேணும், வெறுங்கையோட எப்பிடி அவளின்ர வாசலில போய் நிக்கிறது எண்டு கேட்டாள். அப்ப எங்களிட்ட பஸ்சுக்கே காசில்லை. அரிவு வெட்டு முடியட்டும் எண்டு சொல்லிப்போட்டாள்."

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, அத்தான். நான் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பனே."

"அவளே பாவம், அரிசிக்குக் கஷ்டப்படுறாள் எண்டாள். அந்த முறை வெட்டினதில மூட்டை நிரம்பேல்ல. விதைக்கு வைச்ச நெல்லையும் அவிச்சுக் குத்துவிச்சுத்தான் நிரப்பினவள்."

நான் எழுந்து வளவின் பின்பக்கம் போனேன். அழுகிற முகத்தை அவருக்குக் காட்ட விருப்பமில்லை. அங்கே முருங்கை மரம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு உக்கிய அடிக்கட்டை இருந்தது. கறையான் அரித்து, மேலே புல் முளைத்திருந்தது. எப்போது விழுந்தது என்று திரும்பி வந்து கேட்டேன்.

"அந்தப் பெரிய வெள்ளத்தோட. நாலு வருஷமாகப் போகுது."

"அப்ப பிறகு கொண்டந்த காயெல்லாம்?"

அத்தானுக்கு நான் கேட்பது விளங்கவில்லை. "அதுக்குப் பிறகு இஞ்சயிருந்து காய் கொண்டு போகேல்லையே," என்றார். "கொழும்புக்குப் போற நேரம் வாழைநார் மட்டும் கிழிச்சுச் சுருட்டிக்கொண்டு போவாள். ஏனெண்டு கேட்டால் சிரிப்பாள்." அயல்வீட்டில் வாங்கியிருப்பாள், கிளிநொச்சியில் வாங்கியிருப்பாள் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு கொழும்புக்கு வந்தேன்.

ஆட்டைத் திவசம் வந்தது. ஒரு வருஷம் முடிந்த அந்தச் சமையலில் முருங்கைக்காய் இல்லாமல் எப்படி என்று, கடையில் அதுவரை வாங்காதவள், காலையிலேயே பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். வெள்ளவத்தையில் வடக்கிலிருந்து வருகிற பஸ்கள் ஆட்களை இறக்கும் இடத்துக்குக் கிட்ட ஒரு சின்ன மரக்கறிக் கடை இருக்கிறது. கடைக்காரர் மலையகத்தில் ஹற்றன் பக்கத்திலிருந்து வந்தவர், நடுத்தர வயது. முருங்கைக்காய் கேட்டேன். நல்ல காய்களாகத் தெரிந்து எடுத்தவர், தரும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க அந்தக்காவோட தங்கச்சியா? மொகம் அப்பிடியே இருக்கே."

எந்த அக்கா என்று கேட்டேன்.

"ஊர்லேந்து வருவாங்களே. விடியிறதுக்கு முன்ன பஸ்ஸ விட்டு எறங்கி, நான் கட தொறக்கிற வரைக்கும் அந்தப் படியிலதான் ஒக்காந்திருப்பாங்க. வெல கொறச்சே கேக்க மாட்டாங்க. தங்கச்சிக்கு ஊருக் காய்னா உசுரு, நல்லதாப் பாத்துக் குடுங்கன்னு மட்டும் சொல்லுவாங்க. நம்ம நீலக் கயித்த அவுத்துப்புட்டு அவங்க கொண்டாந்த நாரால கட்டிக்குவாங்க."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அது ஒரு நல்ல வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். எனக்கு முன்னால் சீமெந்துப் படி இருந்தது. மேல் இரண்டு படியும் பஸ் புகையில் கறுத்திருந்தன. அந்தப் படியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் எங்கள் கட்டடம் தெரியும். இரண்டு மணி நேரம், பத்து மணி நேரப் பஸ் பயணத்துக்குப் பிறகு, ஒரு தேநீர் கூட இல்லாமல், என் வீட்டு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் விறகு என்று ஏசிய காயைத்தான் என்னிடமே கொண்டுவந்து தந்திருக்கிறாள். நான் அதைச் சப்பிவிட்டு மண்ணின் ருசி என்று அவளுக்கே சொல்லியிருக்கிறேன்.

"அவங்களக் காணோமே இப்ப. எப்ப வருவாங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

செத்துப்போனாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அரிவு வெட்டு முடிய வருவா," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, நீலக் கயிற்றால் கட்டிய காய்களை என் பைக்குள் வைத்தார்.